பன்னிரண்டடி வழியில் ஒரு லெட்

இரும்புக் கேட்டை நட்டவர் சோப்புக்காரர். நடலாம் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தவள் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. இந்த இரண்டாவது விஷயம் தெரியவந்தபோது அக்கா தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடும் காலில் ஜோடி மாறிய செருப்போடும் இரண்டு மாடி ஏறித் தங்கையின் அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

தங்கைக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை வாக்காளர் பட்டியலைத் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. நீதிமன்றத் தெரு முழுக்க அவள் கமா. ஒரு பத்திரத்தில் கமா ஒரு சொல் தள்ளி விழுந்துவிட்டது என்பதற்காக ஒரு பெரிய வக்கீலை மத்தியானம் முழுக்க உட்காரவிடாமல் வாதாடியவள் என்பதால் வந்த பெயர். அவளுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமைதான். ஆங்கிலப் பத்திரங்களைத் தமிழாக்கிச் சான்று கொடுக்கிற உரிமம் அவளிடம் இருந்தது. கதவில் தொங்கிய பலகையில் பெயருக்குக் கீழே, "திருத்தம் கேட்டு எந்தப் பத்திரமும் இதுவரை திரும்பி வந்ததில்லை" என்று எழுதி வைத்திருந்தாள். இப்படி ஒரு வரியைப் பலகையில் எழுதி மாட்டுகிறவள் எப்படிப்பட்டவள் என்று நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அக்கா ஒரு தாளை மேஜையில் போட்டாள். நில அலுவலகத்தில் எடுத்த நகல்.

"ஏண்டி, இது உன் முத்திரையா?"

கமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பழக்கதோஷம், முதலில் நிறுத்தற்குறிகளைத்தான் பார்த்தாள்.

"என்னோடதுதான். எல்லாம் ஒழுங்கா இருக்கே."

"ஒழுங்கைத் தூக்கிக் குப்பையில போடு. என்ன எழுதியிருக்கேன்னு படி."

படித்தாள். 'முன்மனைக்காரர், பின்மனைக்காரரை வண்டியோடும் மாட்டோடும் இவ்வழியே போய்வர எவ்வகையிலும் அனுமதிக்கலாகாது.'

விஷயம் இதுதான். பின்மனை அக்காவுடையது. பதினான்கு வருஷமாக அங்கே மெத்தைப் பட்டறை நடத்துகிறாள். பதினொரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அங்கிருந்து சாலைக்கு வர முன்மனையின் ஓரமாகப் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு வழி இருக்கிறது. அக்கா இடத்தை வாங்கியபோது யாரும் பழைய பத்திரத்தைப் புரட்டவில்லை. வழிதான் கண்ணெதிரே கிடக்கிறதே, காகிதத்தில் வேறு எதற்குத் தேடுவது? முன்மனையின் பழைய உரிமையாளரும் கண்டுகொள்ளாத மனுஷர். போன வருஷம் அவர் இடத்தை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர் கார் கழுவும் நிலையம் வைத்தார். அவர்தான் சோப்புக்காரர். வேலை நன்றாக ஓடியது. காத்திருக்கும் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்தார், கேட்டை வாங்கி நட்டார், பூட்டினார்.

பட்டறைக்குப் பின்னால் இன்னொரு வழி இருக்கத்தான் செய்தது. இரண்டரை அடிச் சந்து. ஆள் வரலாம், டிபன் பாக்ஸ் வரலாம். ஸ்பிரிங் மெத்தை வராது. அது மடங்குகிற ஜாதி இல்லை.

"மாத்தி எழுதிக் கொடு" என்றாள் அக்கா. "அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஆஸ்பத்திரிக்கு அறுபது மெத்தை போயாகணும். புது வார்டு திறக்கிறாங்க. போகலைன்னா அவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அவங்க போயிட்டா பட்டறையை மூட வேண்டியதுதான்."

"என்னக்கா பேசுற? பத்திரம் சொல்றதைத்தானே நான் எழுத முடியும்?"

"பத்திரம் தப்பா சொல்லாதா?"

"பத்திரம் தப்பா சொன்னாலும் சொல்லும். நான் எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அக்கா திட்டுவாள் என்று கமா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சரி. நீ சரியாவே இருடி" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள். தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதன் பிறகு அவள் ஃபோனை எடுக்கவில்லை. செவ்வாய் எடுக்கவில்லை, புதன் எடுக்கவில்லை. சமரச அதிகாரி முன்னால் அடுத்த வியாழக்கிழமை விசாரணை என்று கமாவுக்கு நில அலுவலகக் குமாஸ்தா மூலமாகத்தான் தெரியவந்தது. சொந்த அக்கா வீட்டுச் சங்கதியை மூன்றாம் மனுஷர் வாயால் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தான் எழுதியதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அக்கா பாவம், சட்டம் அப்படி, என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டுக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனசு.

ஞாயிற்றுக்கிழமை அவள் அத்தானைப் பிடிக்கப் போனாள். அக்காவின் வீட்டுக்காரர் வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் துணி வெட்டுவார். அப்போது அவர் இருக்கிற இடம் தெரியாது. ஏழாம் நாள் டென்னிஸ் கிளப்பில் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து நடுவர் வேலை பார்ப்பார். அப்போது அவர் குரல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். வீட்டில் இருபத்தெட்டு வருஷமாகப் பேச வாய்ப்புக் கிடைக்காத மனுஷர் பேசுவதற்கு என்று ஒரு நாற்காலி தேடிக்கொண்டதில் தப்பில்லை.

கமா நாற்காலிக்குக் கீழே போய் நின்றாள்.

"அத்தான், அக்கா ஃபோனே எடுக்க மாட்டேங்கறா."

"எனக்கே ஒரு வாரமா 'ம்' மட்டும்தான் கிடைக்குது" என்றார் அவர், கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல். "நீ அவகிட்ட சரியாத்தான் இருக்கும்னு சொன்னியாமே. பட்டறைப் பொண்ணுங்க பேசிக்கிட்டாங்க."

"சரியா இருந்தா சரின்னுதானே சொல்ல முடியும்?"

"அது என்னமோ போ." சட்டென்று குரல் உயர்ந்தது. "லெட்!"

சர்வீஸ் போட்ட பையன் தலையாட்டிவிட்டுப் பந்தை மறுபடி தட்ட ஆரம்பித்தான். கமாவுக்கு டென்னிஸ் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விடுகிற வழக்கமும் கிடையாது.

"எதை விட்டுட்டீங்க?"

"யாரு விட்டா?"

"லெட்னு சொன்னீங்களே. லெட்னா விடுன்னு தானே?"

"விடுறதாவது! பந்து வலையில உரசிடுச்சு. வலை தடுத்ததால அந்த சர்வீஸ் செல்லாது. திரும்பப் போடணும்."

"தடுத்தா எதுக்கு விடுன்னு சொல்றீங்க?"

அத்தான் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அது லெட்டே இல்ல. நெட்டு. நெட்டுல பட்டா நெட்டு. அந்தக் காலத்துல எவனோ வாய் குழறி லெட்டுன்னு சொல்லிட்டான், அப்படியே நின்னுபோச்சு. இருபத்திரெண்டு வருஷமா நடுவரா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கமாவுக்கு அத்தானைத் திருத்த நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டாள். அந்த நேரம் பக்கத்து ஆடுகளத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து இந்த ஆட்டக்காரர்களின் காலடியில் நின்றது.

"லெட்!" என்றார் அத்தான்.

"இப்போ வலை எங்க வந்துச்சு?"

இருபத்திரெண்டு வருஷத்துக் கொள்கை கண்ணெதிரே விழுந்ததை அத்தான் கௌரவமாகத் தாங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வலைதான்னு இல்ல. ஆட்டத்துக்குக் குறுக்க எது வந்தாலும் லெட்தான்" என்றார்.

"குறுக்க எது வந்தாலும்?"

"ஆமா. தடங்கல் வந்தா லெட்."

அனுமதிக்கலாகாது என்று தான் எழுதிய வரியின் ஆங்கில மூலத்திலும் இதே லெட் இருந்தது கமாவுக்கு நினைவு வந்தது. 'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள். "அக்காகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று மேலேயிருந்து அத்தான் கேட்டது காதில் விழுந்தது. நிற்காமல் நடந்தாள்.

விடுமுறை நாளில் நீதிமன்றத் தெரு வெறிச்சென்று கிடந்தது. மாடி ஏறி, கதவைத் திறந்து, இரும்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய ஆங்கில அகராதியின் ஒரு தொகுதியை இறக்கினாள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு குழந்தையின் எடை இருக்கும். அரிய சொற்களுக்காகவே வாங்கிப் போட்டது. லெட் என்பது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. மூன்றெழுத்துச் சொல்லை எந்தக் கௌரவமான மொழிபெயர்ப்பாளராவது அகராதியில் தேடுவாளா? பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவளும் தேடவில்லை.

முதலில் இருந்தது எல்லாருக்கும் தெரிந்த லெட். விடு, அனுமதி, வாடகைக்கு விடு. நான்கு பக்கத்துக்கு ஓடியது. அதற்கடுத்து, தனி எண் போட்டு, இன்னொரு லெட் இருந்தது. தடு. குறுக்கே நில். தாமதப்படுத்து.

நின்றபடியே படித்தாள். இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பொருள் இல்லை. இரண்டு தனித்தனிச் சொற்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டையும் வேறு வேறாக எழுதினார்கள், வேறு வேறாகச் சொன்னார்கள். தடுக்கிற லெட், 'லேட்' என்ற சொல்லின் வம்சம். ஒருவனை லேட்டாக்குவதுதான் அதன் முதல் வேலை. லேட்டாக்கி லேட்டாக்கித் தடுத்து நிறுத்தவும் கற்றுக்கொண்டது. போகப்போக மக்கள் வாயில் இரண்டு சொல்லும் தேய்ந்து ஒரே சத்தமாகிவிட்டன. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் குடியிருந்தால், ஒருவர் காலி செய்த பிறகு அவர் கடிதமெல்லாம் மற்றவர் வீட்டுக்குத்தானே போகும்? அதுதான் நடந்தது. தடுக்கிற லெட் பேச்சிலிருந்து காலி செய்துவிட்டது. டென்னிஸ் ஆட்டத்திலும் பழைய சட்டக் காகிதங்களிலும் மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தது.

அவள் மூலப் பத்திரத்தின் நகலை எடுத்து விரித்தாள். முன்மனைக்காரர் பின்மனைக்காரரைப் போய்வருவதிலிருந்து எவ்வகையிலும் லெட் செய்யலாகாது. போய்வருவதிலிருந்து. அந்த 'ஃப்ரம்' என்ற சொல் கண்ணில் குத்தியது. தடுக்கிறவனுக்குத்தான் 'இருந்து' வேண்டும். அனுமதிக்கிறவனுக்கு 'இருந்து' எதற்கு? போய்வருவதிலிருந்து அனுமதிக்காதே என்று எந்த மடையன் எழுதுவான்?

எழுதியவர் மடையரில்லை. வழி விடு, குறுக்கே நிற்காதே என்று அழகாக எழுதி வைத்திருந்தார். அதை அவள் நேர் எதிராகத் திருப்பியிருந்தாள்.

ஆனால் 'ஃப்ரம்' அப்போது தன் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? அவள் ஒரு கமாவைத் தவறவிடாதவள். கீழ்த்தட்டில் பழைய வரைவு நோட்டுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. அந்த வருஷம் நில அலுவலகம் பழைய ஆங்கிலப் பத்திரங்களை மொத்தமாகத் தமிழாக்கக் கொடுத்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பத்திரம். நோட்டைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். ஓரத்தில் அவளுடைய இளமைக் கையெழுத்தில், சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு இருந்தது: 'மூலத்தில் ஃப்ரம் தேவையற்றது. எழுதியவருக்கு இலக்கணம் போதவில்லை. திருத்தி மொழிபெயர்த்தேன்.'

அவளுக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்திருக்கிறாள். சரியாக இருந்ததைப் பார்த்து, தப்பு என்று முடிவுகட்டி, திருத்தி, இரண்டு கோடும் போட்டிருக்கிறாள். அதே வாயால் போன வாரம் அக்காவிடம், நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அரை மணி நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். கமா எத்தனை நேரம்தான் உடைந்து கிடப்பாள்? வியாழக்கிழமை போய் இந்தச் சொல்லை நிரூபித்துவிட வேண்டும், கேட்டைத் திறக்க வைக்க வேண்டும், அக்காவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தாள். அகராதித் தொகுதியைப் பையில் வைத்தாள். நோட்டையும் வைத்தாள். நோட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று பதிவேட்டில் ஏறினால், அதே தொகுப்பில் அவர் செய்த பத்திரம் அத்தனையையும் வேறொருவர் சரிபார்த்து முடிக்கும்வரை முத்திரையைப் பறித்து வைப்பார்கள். இப்படி ஒரு விதி வேண்டும் என்று எட்டு வருஷத்துக்கு முன் மேஜையைத் தட்டிக் கேட்டு வாங்கியவளே இவள்தான். தேவைப்பட்டால் எடுப்போம், தேவைப்படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நில அலுவலகத்தின் பின்னறையில் விசாரணை. ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, சுற்றும்போது கிரீச்சிடும் மின்விசிறி. சமரச அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். அக்காவும் அத்தானும் ஒரு பக்கம். சோப்புக்காரர் எதிர்ப்பக்கம். அடையாளத்துக்கு ஆளுக்கொரு ஆவணம் கேட்டார்கள். சோப்புக்காரர் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வெளிநாடு போய்வந்தவர் என்று நான்கு பேருக்குத் தெரியட்டுமே என்பதும் அதில் கொஞ்சம் இருந்தது.

கமா உள்ளே வந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் கெட்டவன் இல்ல சார்" என்று ஆரம்பித்தார் சோப்புக்காரர். "எழுத்துல என்ன இருக்கோ அதைத்தான் செஞ்சேன். எழுதினவங்களே இதோ இருக்காங்க, கேட்டுக்கங்க."

"கேளுங்க சார்" என்றாள் கமா. உட்காரவில்லை. "அந்தச் சொல்லுக்கு அங்க அனுமதின்னு அர்த்தமில்ல. தடுக்கிறதுன்னு அர்த்தம். பின்மனைக்காரரைத் தடுக்கக் கூடாதுங்கறதுதான் பத்திரம்."

அகராதியை மேஜையில் வைத்தாள். மேஜை ஒரு தரம் ஆடியது. அதிகாரி படித்தார். அத்தான் எட்டிப் பார்த்தார். சோப்புக்காரர் சிரித்துவிட்டார்.

"நல்லா இருக்கு மேடம். ஒரே வார்த்தை, விடுன்னும் அர்த்தம், தடுன்னும் அர்த்தம். உலகத்துல எந்த பாஷையிலயாவது இந்தக் கூத்து உண்டா?"

"உண்டு. தமிழ்லயே உண்டு. வரிவிலக்குன்னா என்னங்க?"

"வரி கட்ட வேணாம்."

"கட்டாயத்துல இருந்து உங்களை விட்டுட்டாங்க. சரி, மதுவிலக்குன்னா?"

"மது குடிக்கக் கூ…" சோப்புக்காரர் நிறுத்தினார்.

"சொல்லுங்க. வரிவிலக்கு மாதிரின்னா, மது குடிக்கணும்கிற கட்டாயம் இல்ல, விருப்பம்னா குடிக்கலாம்னு ஆகும். அப்படியா? ஒரே விலக்குதான். ஒரு இடத்துல உங்களை விடுது, இன்னொரு இடத்துல சட்டையைப் புடிச்சு நிறுத்துது. நீங்க இதுவரைக்கும் எப்பவாவது குழம்பியிருக்கீங்களா?"

அதிகாரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். கமாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் அவளைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் கண் இரண்டும் பளபளக்கும்.

"இது அகராதியில தூங்குற சொல்லும் இல்ல சார். அவரோட பாஸ்போர்ட்டையே திறந்து பாருங்க. முதல் பக்கத்துல அரசாங்கம் கேட்டுக்கற வரி இருக்கும்."

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து இறக்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். இதை வைத்திருப்பவரைச் சுதந்திரமாகப் போகவிடும்படியும், 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிடும்படியும்…

"லெட்டோ தடங்கலோ இல்லாம" என்றாள் கமா. "அங்க லெட்னா அனுமதின்னு வச்சுக்கிட்டா என்ன ஆகும்? இவரை அனுமதி இல்லாமலேயே உள்ள விடுங்கன்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். எந்த ஏர்போர்ட்ல விடுவாங்க?"

சோப்புக்காரர் தன் பாஸ்போர்ட்டை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார். எத்தனையோ வருஷமாகப் பையில் வைத்துச் சுற்றிய காகிதம் இப்படிக் காலை வாரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை. நிதானமாக மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒத்துக்கறேன் மேடம். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கு. பத்தொன்பது வருஷம் முன்னாடி நீங்களும் இதே பத்திரத்தைப் பாத்தீங்க. அப்ப அனுமதின்னு எழுதினீங்க. இப்ப உங்க அக்கா மாட்டிக்கிட்டதும் தடைன்னு சொல்றீங்க. இதுல எந்த நீங்களை சார் நம்பணும்?"

கேள்வி நியாயமானது, அதுதான் கஷ்டம். அக்கா இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

அதிகாரி தாழ்ந்த குரலில், நல்லெண்ணத்தோடு சொன்னார். "அம்மா, உங்க பேர் எனக்குத் தெரியும். மூலம் மங்கலா இருந்தது, சொல் சரியா தெரியலைன்னு எழுதிக் கொடுங்க. உங்க மேல ஒண்ணும் வராது."

கமா ஒரு கணம் யோசித்தாள். ஒரே கணம்தான். மூலம் மங்கல் என்றால் அந்த வரியே சந்தேகத்துக்குரியது. சந்தேகத்துக்குரிய வரியை வைத்து யாரும் கேட்டைத் திறக்கச் சொல்ல முடியாது. அவள் பெயர் தப்பிக்கும், அக்காவின் பட்டறை போகும். நல்லெண்ணத்தோடு நீட்டப்பட்ட அந்தக் கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"மங்கலா இல்ல சார். பளிச்சுன்னு இருந்துச்சு."

பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, சிவப்பு மை தெரியும்படி மேஜை நடுவில் வைத்தாள்.

"இது அந்த வருஷத்து என் வரைவு. ஓரத்துல இருக்கறதை நானே படிக்கிறேன். 'மூலத்தில் ஃப்ரம் தேவையற்றது. எழுதியவருக்கு இலக்கணம் போதவில்லை. திருத்தி மொழிபெயர்த்தேன்.' எங்க அக்கா அந்த இடத்தை வாங்குறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி எழுதினது. அந்த ஃப்ரம் இருந்தா தடைங்கிற அர்த்தம் மட்டும்தான் நிக்கும். அதைப் பாத்தும் புரியாம, எழுதினவருக்கு இங்கிலீஷ் தெரியலன்னு நான்தான் எடுத்துட்டேன். பத்திரத்துல தப்பில்ல. மையில தப்பில்ல. தப்பு முழுக்க என்னோடது."

சோப்புக்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். இரண்டு தரம் படித்தார். தன்னைத்தானே இவ்வளவு தெளிவாக மாட்டிவிடுகிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"பன்னிரண்டடி வழி ஒதுக்கி, கல்லும் பதிச்சு, அப்புறம் போகவே கூடாதுன்னு எவனும் எழுத மாட்டான்தான்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் அன்னிக்கே கொஞ்சம் இடிச்சுது. முத்திரை இருந்துச்சு, நம்பிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை கமாவுக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

அதிகாரி திருத்தப் படிவத்தை எடுத்தார். "காரணம்ங்கிற இடத்துல மொழிபெயர்ப்பாளரின் பிழைன்னு போடணும். போட்டா விதி என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். நான் கேட்டு வாங்கின விதிதான்."

படிவத்தை இழுத்து எழுதினாள். முத்திரையைப் பையிலிருந்து எடுத்து, அடியில் ஒட்டியிருந்த மையைத் துடைத்து, மேஜையில் வைத்தாள்.

"மிச்சம் நானூத்திப் பதினொண்ணையும் தாராளமா பாக்கட்டும். எல்லாம் சரியா இருக்கும்" என்றாள். ஒரு நொடி விட்டு, "இருக்கும்னு நினைக்கிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். நினைக்கிறேன் என்று அவள் சொல்லி நீதிமன்றத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குச் சோப்புக்காரரே வந்து பூட்டைத் திறந்தார். காத்திருந்த நான்கு கார்களைச் சாலைக்கு நகர்த்தச் சொன்னார். கேட்டை முழுக்கத் தள்ளி, அது திரும்பி வராமலிருக்கக் கீழே ஒரு கல்லையும் வைத்தார். வேன் பின்பக்கமாக உள்ளே வந்தது. பதினொரு பெண்களும் வரிசைகட்டி நின்றார்கள்.

கமா அலுவலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போய் என்ன செய்வது, முத்திரை இல்லாமல்? அது ஒரு சாக்கு. அவளுக்கு அக்காவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதிகாரியிடம் சொன்னபோது சரளமாக வந்தது. இங்கே பட்டறை வாசலில், பஞ்சுத் தூசிக்கு நடுவில் நின்றபோது நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது, அதாவது, மூலத்தோட பொருளை நான்…"

அக்கா முதல் மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கமா மூச்சை இழுத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுக்கா. ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட வந்து சொல்ல நாலு நாளாச்சு எனக்கு."

"அதான் ஆபீஸ்ல சொன்னியே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அது பதிவேட்டுக்கு. இது உனக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. அழுகையா தூசியா என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"அந்த முனையைப் புடி" என்றாள் அக்கா.

கமா குனிந்து பிடித்தாள். அலுவலகத்துக்குக் கட்டிய புடவை, ஒரு நாளும் மெத்தை தூக்காத கை. தூக்கப் பார்த்தாள், முனை வழுக்கியது.

"அப்படி இல்லடி. முதுகை வளைக்காத, முட்டியை மடக்கு. விரலை உள்ள விடு. இன்னும் உள்ள. தப்பு, மறுபடி புடி."

"சரிக்கா" என்றாள் கமா. மறுபடி பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்கள்.